நன்றி, மீண்டும் வருக

சத்யபிரியா ரஷ்யாவில் படிக்கவே இல்லை. அவள் டாக்டருக்குப் படித்தது கிர்கிஸ்தானில். ஆனால் அந்தப் பெயரை அஸ்தினாபுரத்தில் ஒருவர் வாயிலும் நுழைய வைக்க முடியவில்லை. பெற்ற அம்மாவே கல்யாண வீடுகளில் "பொண்ணு ரஷ்யால டாக்டருக்குப் படிக்குது" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் தானே நம்ப ஆரம்பித்துவிட்டாள். அதனால், ஏரிக்கரைத் தெருவில் புதிதாகத் திறந்த அரசு நலவாழ்வு மையத்துக்கு அவள் வேலைக்கு வந்த அன்றே 'ரஷ்யா டாக்டர்' என்ற பெயர் விழுந்துவிட்டது. இங்கே சீட் கிடைக்காமல் அங்கே போனவள் என்ற குத்தலும் அந்தப் பெயருக்குள் இருந்தது. திரும்பி வந்து எழுதிய தகுதித் தேர்வில் முதல் தடவை அவள் கோட்டைவிட்டதுகூட எப்படியோ தெருவுக்குத் தெரிந்திருந்தது. தெருவுக்குத் தெரியாதது எது?

அவள் அதற்கெல்லாம் கூசவில்லை. அங்கேயிருந்து தான் ஒரு பெரிய விஷயத்தைக் கொண்டுவந்திருப்பதாக அவளுக்கு ஒரு கர்வமே உண்டு. அவள் படித்த கல்லூரியின் மாடிப்படியோரம் ஒரு பழைய புகைப்படம் மாட்டியிருந்தது. கம்பளிக் கூடாரம், பக்கத்தில் ஒரு குதிரை, குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தபடி குளிரில் மூக்கு சிவந்த ஒரு பெண். கறுப்பு வெள்ளைப் படத்தில் மூக்கு சிவந்தது எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது, சத்யபிரியாவுக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணின் பெயர் வேரா. நூறு வருஷத்துக்கு முன்னால், அந்த மலைநாடு சோவியத் ஆன புதிதில், ஒரு பள்ளத்தாக்குக்கு ஒரு டாக்டர் என்று பிரித்து அனுப்பினார்களாம். வைத்தியத்துக்குக் காசு கிடையாது. நோய் வந்தவனை மட்டும் பார்ப்பதல்ல, நன்றாக இருக்கிறவனையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பள்ளத்தாக்கில் யாருக்குக் கண் வீங்கினாலும், யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும் அது வேராவின் பொறுப்பு.

ஏரிக்கரைத் தெருவும் அதைச் சுற்றிய சந்துகளும் தன்னுடைய பள்ளத்தாக்கு என்று சத்யபிரியா முடிவு செய்துகொண்டாள். ஒரு ஹால், ஒரு உள் அறை, மருந்து கொடுக்க ஒரு ஜன்னல். கூடவே நர்ஸ் ஷீலா. தாம்பரத்துக்காரி, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பிரசவ வார்டில் வருஷக்கணக்காக அதட்டிப் பழகிய குரல், ஆனால் அதட்டி முடித்ததும் தன் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டிவிடுவாள்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் பெயின்டர் வந்து வாசலுக்கு வெளியே 'நல்வரவு' என்று எழுதினார். அதோடு விட்டாரா? கை பழகிய பழக்கம், உள்ளே போய் அதே வாசலுக்கு மேலே, வெளியே போகிறவர்கள் கண்ணில் படும்படி, பச்சை எழுத்தில் 'நன்றி, மீண்டும் வருக' என்றும் எழுதிவிட்டார். இரண்டு பக்கமும் பூ வேறு.

"எல்லாக் கடைக்கும் எழுதறதுதான் மேடம்" என்றார், சத்யபிரியா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து. "வாணாம்னா அடிச்சிட்றேன்."

"ஐயோ, வேண்டாம்ண்ணா. சூப்பரா இருக்கு. அப்படியே இருக்கட்டும்."

அவளுக்கு உண்மையிலேயே மனசு நிறைந்துபோயிற்று. நன்றாக இருக்கும்போதே மறுபடி மறுபடி வந்து பார்த்துக்கொண்டு போங்கள் என்பதுதானே அவள் சொல்ல நினைத்தது? ஷீலா பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், புது டாக்டரின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

முதல் வாரம் கூட்டம் தாங்கவில்லை. அதற்குக் காரணம் கங்கையம்மாள். இப்போது வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் அந்தத் தெரு ஒரு காலத்தில் அவள் மாமனாரின் நெல் வயல். வயல் போய் வாடகை வந்தது, ஆனால் அதிகாரம் அப்படியே இருந்தது. எந்தப் பால்காரரிடம் பால் வாங்குவது, ஆடி மாதக் கூழுக்கு எந்தக் கடையில் கேழ்வரகு எடுப்பது என்பதெல்லாம் அவள் வாங்கினால் தெரு வாங்கும், அவள் விட்டால் தெரு விடும். புருஷன் குப்புராஜ் அவள் பேசும்போது தலையாட்டுகிறவர், அவள் பேசாதபோதும் ஜாக்கிரதைக்கு ஒருமுறை ஆட்டி வைப்பவர்.

அவர் பின்தொடர, பெரிய பொட்டும் கண்டாங்கிச் சேலையுமாக கங்கையம்மாள் வந்து உட்கார்ந்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை எக்கச்சக்கம். சத்யபிரியா பயமுறுத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என்ன சாப்பிடலாம், காலை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னாள்.

"பரவால்லியே" என்றாள் கங்கையம்மாள் புருஷனிடம். "காசு வாங்குறவங்ககூட இம்மாம் நேரம் பேசறதில்ல. ரஷ்யா டாக்டரு தன்மையாத்தான் கீது."

மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். வாசலை நோக்கித் திரும்பினாள். பச்சை எழுத்து கண்ணில் பட்டது. ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பின்னாலிருந்து சத்யபிரியாவின் குரல், அன்பொழுக: "அடுத்த மாசம் கண்டிப்பா திரும்பி வரணும்மா!"

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னா சொன்ன?" கங்கையம்மாள் திரும்பினாள். "ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுகினு மறுக்கா வா, மறுக்கா வான்னு கூப்புட்றியே, நல்லாருப்பியா நீ? எழுதி வேற வச்சிக்கீறியா? பூ போட்டு?"

"அம்மா, நான் சொன்னது என்னன்னா..."

"ஒண்ணும் சொல்லாத. சாவு வூட்லயும் ஆஸ்பத்திரிலயும் வரேன்னும் சொல்லக்கூடாது, வான்னும் சொல்லக்கூடாது. இத்தகூட சொல்லிக்குடுக்கலியா உன் ரஷ்யால?"

முடிச்சை அவிழ்த்து மாத்திரையை பெஞ்சு மேல் வைத்துவிட்டு, வாசலுக்கு அந்தப் பக்கம் போய் மண்ணில் மூன்று முறை துப்பிவிட்டுப் போனாள். குப்புராஜ் மாத்திரையைப் பார்த்தார், மனைவியின் முதுகைப் பார்த்தார், முதுகின் பின்னாலேயே போய்விட்டார்.

அடுத்த வாரம் பாதிப் பேர்கூட வரவில்லை. அதற்கடுத்த வாரம் கணினியின் முன்னால் ஷீலா கொட்டாவி விட்டாள். காலி பெஞ்சுக்கு அடியில் தெருநாய் ஒன்று வந்து படுத்துக்கொண்டது.

"மேடம், அதை அழிச்சிடலாமே" என்றாள் ஷீலா.

"எதுக்கு? மூடநம்பிக்கைக்கு நாமளே பயந்தா எப்படி சிஸ்டர்? நோய் வந்தப்புறம் போறதுதான் ஆஸ்பத்திரி. நோய் வராம இருக்க வர்ற இடம் இது. அந்தக் காலத்துலயே அங்க..."

"அங்க குதிரைல போனாங்க, கேட்டுட்டேன். இங்க ஜனங்க ஷேர் ஆட்டோல வருவாங்க. அந்த போர்டைப் பார்த்தா எறங்க மாட்டாங்க."

சத்யபிரியா கேட்கவில்லை. மெத்தப் படித்தவர்களுக்கே உரிய பிடிவாதம் அது. தான் சொல்வது சரி என்று தெரிந்தால் போதும், எதிரில் யாரும் இல்லை என்பது கண்ணுக்குத் தெரியாது. அவள் சொன்னது சரிதான், அதுதான் கொடுமை.

ஆடி முடிந்து ஒரு மத்தியான வேளையில் குப்புராஜ் தனியாக வந்தார். பல் வலி என்றார். எந்தப் பல் என்று கேட்டதும் முழித்தார். பிறகு குரலை இறக்கிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டரு. வூட்லதான். பல்லாவரம் வெள்ளிக்கெழம சந்தைல புதுச் செருப்பு ஒண்ணு வாங்கிகினு வந்துது. சுண்டுவெரல்ல கடிச்சிருச்சி. சின்னக் காயந்தான்னு வுட்டுட்டோம். மஞ்சள வச்சி வச்சிக் கட்டுது. இப்ப கிட்ட போனா நாத்தம் அடிக்குது. ராத்திரில குளுருதுன்னு சொல்லுது."

"எத்தனை நாளா?"

"அது கீது ரொம்ப நாளா."

"ஏன் சார் கூட்டிட்டு வரல?"

"நீ வாய வச்சிட்டியாம். அந்த போர்டு மேல கண்ணு பட்டதுலர்ந்துதான் காலு கெட்டுச்சாம். செத்தாலும் அந்த வாசப்படி மெறிக்க மாட்டேன்னு சொல்லுது. வேற எங்கியும் வரமாட்டுது. எனக்கு இன்னா பண்றதுன்னே தெர்ல டாக்டரு." அவர் கண் கலங்கிவிட்டது. "அவ இல்லாத எனக்கு ஒரு காபி தண்ணி போடக்கூடத் தெரியாது. அதுக்காகச் சொல்லல. அவ இல்லாத இன்னா கீது?"

சர்க்கரை அவ்வளவு, மாத்திரை இல்லை, நாற்றம், குளிர். இன்னும் கொஞ்சம் விட்டால் விரலோடு நிற்காது, கால் போகும், உயிரும் போகும். அவளுக்கு ஸ்டெதஸ்கோப்பையும் பையையும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் போலிருந்தது. கை பைக்குப் போய்விட்டது. அப்போதுதான் வேராவின் கதையில் மீதிப் பாதி ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை நாளும் அவள் சௌகரியமாக மறந்திருந்த பாதி.

வேரா அந்தக் கூடாரத்தைப் போட்டுவிட்டு ஒரு பருவம் முழுக்க உள்ளேயே உட்கார்ந்திருந்தாளாம். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆடு கணக்கெடுக்க வந்த அதிகாரி என்று நினைத்தார்கள். கண் வீங்கிய குழந்தைகள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு ஓடின. கடைசியில் அவளே கூடாரத்தை மடித்துக் குதிரையில் கட்டிவிட்டு, ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து தேநீர் குடித்தாள். பையைத் திறக்கவே இல்லை. அந்த ஊரில் விருந்தாளியைத் துரத்த மாட்டார்கள். விருந்தாளியாகப் பல தடவை வந்தவளிடம்தான் ஒரு தாய் முதன்முதலாகத் தன் குழந்தையின் கண்ணைக் காட்டினாள். மற்ற வீடுகள் அதற்குப் பிறகு. அங்கே எல்லா ஆஸ்பத்திரிகளும் கட்டப்பட்டது அதற்கும் பிறகு.

சத்யபிரியா பையை வைத்தாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டினாள். "சிஸ்டர், நான் ஒரு வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்."

"எந்த வீடு?" என்று கேட்டவள், குப்புராஜின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "கர்த்தரே" என்றாள்.

கங்கையம்மாள் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலைச் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தாள். முகம் வற்றியிருந்தது. குரல் மட்டும் வற்றவில்லை.

"இன்னா, எங்க வூட்லயும் போர்டு மாட்டலாம்னு வந்தியா?"

"இல்லம்மா. சும்மா பார்த்துட்டுப் போலாம்னு."

சும்மா வந்தவளை வாசலில் நிறுத்துவதற்குக் கங்கையம்மாளின் வளர்ப்பு இடம் தரவில்லை. வேலைக்காரப் பெண் காபி கொண்டுவந்தாள். சத்யபிரியா குடித்தாள். ஆடி மாதக் கூழைப் பற்றிப் பேசினாள், குடித்தனக்காரர்கள் தண்ணீர் மோட்டாரை ஓடவிட்டுத் தூங்குவதைப் பற்றிக் கேட்டுக்கொண்டாள். மஞ்சளையும் மீறி அந்த வாடை வந்துகொண்டே இருந்தது. காலைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதைவிடக் கஷ்டமான காரியம் அவள் வாழ்க்கையில் செய்ததில்லை, அந்தத் தகுதித் தேர்வு உட்பட.

டம்ளர் காலியானது. எழுந்தாள். "போயிட்டு வரேம்மா."

"ம், போயிட்டு வா" என்றாள் கங்கையம்மாள். வீட்டிலிருந்து கிளம்புகிறவளிடம் வேறு எதைச் சொல்வது?

சத்யபிரியா தெருமுனை வரைக்கும் போனாள். வேராவுக்குப் பருவக்கணக்கில் நேரம் இருந்தது. இந்தக் காலுக்கு நாளைக்கு என்பது கிடையாது. டீக்கடை வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். அப்படியே திரும்பி நடந்து வந்து மறுபடி கூடத்தில் நின்றாள்.

"இன்னா, இன்னாத்தையாவது மறந்துட்டியா?"

"இல்லம்மா. போயிட்டு வான்னு சொன்னீங்க. போயிட்டு வந்துட்டேன்."

கங்கையம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். குப்புராஜ் சுவரோடு ஒட்டிக்கொண்டார். மறுபடி காபி வந்தது. சத்யபிரியா அதையும் குடித்தாள், அதையும் இதையும் பேசினாள், "போயிட்டு வரேம்மா" என்றாள். கங்கையம்மாள் உஷாராக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் எத்தனையோ வருஷத்துப் பழக்கம், வாய் தானாகத் திறந்து "போயிட்டு வா" என்றுவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இந்த முறை சத்யபிரியா கேட் வரைக்கும்தான் போனாள்.

மூன்றாவது காபியோடு அவள் எதிரில் உட்கார்ந்தபோது கங்கையம்மாளுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள், வலியில் முகம் சுளித்துக்கொண்டே சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"பைத்தியம்டி நீ! சுத்தப் பைத்தியம்! வூட்ல கீற பாலெல்லாம் நீயே குட்ச்சித் தீத்துருவ போலக்கீதே!" சிரிப்பு எங்கேயோ அழுகையாக மாறிவிட்டது. சேலையை விலக்கிக் காலை நீட்டினாள். "பாரு. பாத்துத் தொல. எனக்குப் பயமா கீதுடி."

சத்யபிரியா தரையில் உட்கார்ந்து காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சுண்டுவிரல் கறுத்துப் போயிருந்தது. பொய் சொல்ல மனம் வரவில்லை. "விரலைக் காப்பாத்த முடியாதும்மா. இன்னிக்கே போனா காலைக் காப்பாத்திடலாம். நான் கூடவே வரேன்."

"பெரிய ஆஸ்பத்திரிக்கா? எங்க மாமியா போனவங்க திரும்பலியே."

"நீங்க திரும்பலைன்னா நான் தினமும் வந்து குப்புராஜ் சார் போடற காபியைக் குடிக்கணும். அதுக்காகவாவது திரும்பிடுங்க."

அன்று ஆட்டோவில் கங்கையம்மாள் அவள் கையைப் பிடித்த பிடியில் வளையல் தடம் மூன்று நாள் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். கால் தப்பியது.

மறுநாள் காலையில் சத்யபிரியா மையத்தைத் திறந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். ஷீலா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். பச்சை எழுத்தின் மேல் வெள்ளை பெயின்டை இழுத்தபோது சத்யபிரியாவுக்கு மூக்கு அடைத்துக்கொண்டது.

"மூணு வார்த்தைக்காக அவங்க விரலை வாங்கிட்டேன் சிஸ்டர்."

"செருப்பு கொஞ்சம் வாங்கிச்சு, சர்க்கரை கொஞ்சம் வாங்கிச்சு. மீதியில நீங்க பாதி, அவங்க பாதி" என்றாள் ஷீலா. "பூவையும் அடிங்க. பாதிப் பூ தெரியுது."

அதற்குப் பிறகு கங்கையம்மாள் வீட்டுக்குப் போய்க் கட்டுப் போடுவது டாக்டரும் நர்ஸும் மாறி மாறிச் செய்கிற வேலையாயிற்று. போகிற வழியில் மற்ற வாசல்களிலும் நின்றார்கள். மோர் குடித்தார்கள், பலாச்சுளை தின்றார்கள், சத்யபிரியாவின் எடை கண்ணுக்குத் தெரிந்து ஏறியது. மோர் கொடுத்தவர்கள் கையை நீட்டி பிரஷர் பார்க்கச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொருவராக மையத்துக்கும் வர ஆரம்பித்தார்கள். மாத்திரையை வாங்கியதும் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தலையை லேசாக ஆட்டிவிட்டு, ஏதோ திருடிக்கொண்டு போகிறவர்கள் மாதிரி நழுவிவிடுவார்கள். சத்யபிரியாவும் கற்றுக்கொண்டாள். "நல்லா இருங்க" என்பாள், அதோடு சரி. அடுத்த மாதம் வரவேண்டும் என்பதை ஷீலா வீட்டு வாசலிலேயே சொல்லிவிடுவாள்.

கார்த்திகையில் ஒரு காலை, ஹால் நிறைந்திருந்த நேரத்தில், கங்கையம்மாள் தன் காலாலேயே நடந்து வந்தாள். மெத்தென்ற புதுச் செருப்பு, பெரிய பொட்டு, பின்னால் குப்புராஜ். வாசற்படியில் ஒரு கணம் நின்று, பிறகு வலது காலை, அதே காலை, எடுத்து உள்ளே வைத்தாள். பெஞ்சு தானாக இடம் விட்டது. ரத்தம் கொடுத்தாள். சர்க்கரை அடங்கியிருந்தது. மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

வாசலுக்கு மேலே, சுவரின் மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேம்மா. எழுதினது தப்பு. என் பிடிவாதத்தால..."

"அட, போர்டாலியா வெரலு போச்சு? என் திமுருல போச்சு. வுடு." நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி வெளியே வைத்தாள். பிறகு நின்று திரும்பி, ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "வரேன் டாக்டரு."

ஷீலா வாயைப் பொத்திக்கொண்டாள். பெஞ்சில் யாரோ மூச்சை இழுத்தார்கள். குப்புராஜுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னாடி சொல்ற நீ? ஆஸ்பத்திரில நின்னுகினு..."

"தெரிஞ்சுதான்யா சொல்றேன். சக்கர இன்னா, வுட்டுட்டுப் போவற வெருந்தாளியா? மாசாமாசம் வந்துதான ஆவணும்? என் வூட்டுக்கு இந்தப் பொண்ணு தெனமும் வந்து போச்சு, இது வூட்டுக்கு நான் வந்து போறேன். வூட்டுலர்ந்து கெளம்பறப்ப வேற இன்னா சொல்லுவாங்க?"

சத்யபிரியா எழுந்து நின்றாள். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சுவரில் அழித்ததை வாயால் மறுபடி சொல்லப் பயமாக இருந்தது. 'நல்லா இருங்க' என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

கங்கையம்மாள் நிலைப்படியை விடவில்லை. "இன்னா பாத்துகினே நிக்கிற? பதில் சொல்லு. அன்னிக்கு மூணு காபி குட்ச்ச இல்ல?"

"போயிட்டு வாங்கம்மா" என்றாள் சத்யபிரியா. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

"ஆங்" என்று தலையாட்டிவிட்டுக் கங்கையம்மாள் படியிறங்கினாள். அடுத்து மாத்திரை வாங்கியவர் வழக்கம்போல நழுவப் பார்த்து, வாசலில் கொஞ்சம் தயங்கி, தெருவில் போய்க்கொண்டிருந்த கங்கையம்மாளின் முதுகை ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பி, "வரேன் டாக்டர்" என்றார். மத்தியானத்துக்குள் தெருவே அதைச் சொல்லிவிட்டுப் போயிற்று.